அளந்து பார்க்கிற பாடம்

(திருப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில், பிளஸ் ஒன் சேர வந்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

மனையியல் என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்டது. பரவாயில்லை. நான் இந்தக் குரூப்பில் சேர்ந்த அன்று எங்கள் சித்தப்பாவும் சிரித்தார். "சோறாக்கறதுக்கா கண்ணு ரெண்டு வருசம் படிக்கோணும்?" என்றார்.

வீட்டில் அம்மா கைப்பிடிக் கணக்கில் உலை வைப்பார், சரியாக இருக்கும். ஆஸ்பத்திரிச் சமையல் கூடத்தில் அந்தக் கைப்பிடி செல்லாது. வேகாத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி. வெந்தபின் அதே அரிசி இரண்டரை, மூன்று மடங்கு எடை காட்டும். சர்க்கரை நோயாளியின் சீட்டில் வெறுமனே '100 கிராம்' என்றிருந்தால் அது அரிசியா, சோறா? மாற்றிப் படித்தால் தட்டில் மூன்று மடங்கு சோறு விழும். இதைத் தெரிந்தவருக்குத்தான் அங்கே சம்பளம்.

உங்கள் ஊர் வேலைக்கே வருகிறேன். பனியன் கம்பெனியில் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்ப்பதை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். வட்டக் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு வில்லை வரும். தராசில் 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். 1.65 காட்டினால் துணி இறங்கிவிட்டது, ஆர்டர் சிக்கல். ஏன் நூறால் பெருக்குகிறோம் என்று கேட்டால் கட்டர் பிடிப்பவர்களிலேயே பலர் முழிப்பார்கள். சதுர மீட்டர் என்பது 10,000 சதுர சென்டிமீட்டர், அவ்வளவுதான். நார், நூல், நெசவு எல்லாம் இந்தப் பாடத்தில் வரும். பையன்களும் தாராளமாகச் சேரலாம்.

மத்திய அரசின் என்சிஇஆர்டி இந்தப் பாடத்துக்குப் போட்ட புத்தகத்தின் பெயரே 'மனிதச் சூழலியலும் குடும்ப அறிவியலும்'. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் தன் மனையியல் கல்லூரியின் பெயரை 1969-லேயே மனிதச் சூழலியல் என்று மாற்றிவிட்டது. இந்தத் துறைக்கு அங்கே அடித்தளம் போட்ட எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். அமெரிக்காவின் எம்ஐடி-யில், அதாவது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1870-இல் அனுமதி பெற்ற முதல் பெண். குடிதண்ணீரையும் மளிகைச் சாமானையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்.

அங்கன்வாடி, குழந்தை வளர்ச்சி, கேட்டரிங் என்று வழிகள் உண்டு. ஆனால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பி.டெக். ஃபுட் டெக்னாலஜி மனதில் இருந்தால் கணக்கு, இயற்பியல், வேதியியல் குரூப்தான் நேர்வழி. பி.எஸ்ஸி. ஊட்டச்சத்துக்கும் கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு. போன் போட்டுக் கேட்டுவிட்டு இங்கே கையெழுத்துப் போடுங்கள்.

சரி, பேச்சுப் போதும். மேசையில் மூன்று துண்டுத் துணி இருக்கிறது. பருத்தி எரிந்தால் காகிதம் கருகும் வாசனை வரும், பட்டு முடி கருகுவதுபோல் நாறும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். எது எது என்று நான் சொல்லப்போவதில்லை. சிரித்த தம்பி, நீங்கள் முதலில் வாருங்கள். இடுக்கியில் பிடியுங்கள், கையில் வேண்டாம்.