'வெறும்' நட்பா?

நேயர்களுக்கு வணக்கம்.

1924இல் வெளிவந்த ஒரு ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதையில், ஹோம்ஸின் தோழர் வாட்சனின் தொடையில் துப்பாக்கிக் குண்டு உரசிப் போகிறது. எதற்கும் அசையாத ஹோம்ஸ் பதறிவிடுகிறார். அடி ஒன்றும் இல்லையென்று சொல்லும்படி கெஞ்சுகிறார். அவர் உதடு நடுங்குகிறது, கண் கலங்குகிறது. அந்த இறுகிய முகத்துக்குப் பின்னால் இத்தனை அன்பு இருந்ததை அறிய ஒரு காயம் என்ன, பல காயங்கள் படலாம் என்று நினைக்கிறார் வாட்சன்.

இது நட்பா, காதலா? இப்படிப்பட்ட இணைகளைப் பார்க்கும்போதெல்லாம் வாசகர்கள் கேட்கும் கேள்வி இது. புதிய கேள்வியும் அல்ல. பழைய கிரேக்கக் காவியமான இலியட்டின் வீரர்கள் அக்கிலீசும் பட்ரோக்ளசும். அவர்களுக்குள் என்ன உறவு என்று அதைப் பாடிய ஹோமர் பெயரிட்டுச் சொல்லவில்லை. பின்னால் வந்த கிரேக்க நாடக ஆசிரியர் எஸ்கிலஸ் அவர்களைக் காதலர்களாகவே நாடகத்தில் காட்டினார். செனபோன் என்ற கிரேக்க எழுத்தாளரின் நூலில் வரும் தத்துவ ஞானி சாக்ரட்டீசோ, அவர்கள் தோழர்கள்தாம் என்கிறார்.

கேள்வியை நான் குறை சொல்லவில்லை. 'காதலா, இல்லை வெறும் நட்புதானா' என்று கேட்கிறோமே, அந்த 'வெறும்'தான் என்னை உறுத்துகிறது. நட்பு ஏதோ பாதி வழியில் நின்றுபோன காதல் போல அல்லவா ஆகிவிடுகிறது!

நம் பழைய கவிஞர்களிடம் இந்த ஏணிப்படி இல்லை. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தலைவி தன் காதலைப் பற்றிப் பேசுகிறாள். நிலத்தை விடப் பெரிது, வானத்தை விட உயர்ந்தது, கடலை விட ஆழமானது என்கிறாள். அதற்கு அவள் வைக்கும் பெயர் என்ன தெரியுமா? 'நாடனொடு நட்பே'. வள்ளுவர் பக்கம் வந்தால் இதற்கு நேர் எதிர். 'புணர்ச்சி மகிழ்தல்' என்று காமத்துப்பாலில் ஓர் அதிகாரத்துக்கே பெயர் வைத்தவர், நட்பு அதிகாரத்தில் 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' என்று எழுதும்போது அதே சொல்லுக்குச் சேர்ந்திருத்தல் என்றுதான் பொருள். சொற்கள் எவ்வளவு இயல்பாக இரண்டு பக்கமும் போய் வருகின்றன, பாருங்கள்.

அதற்காக, காதலைப் பார்க்கும் வாசகர் இல்லாததைக் கற்பனை செய்கிறார் என்று சொல்லிவிட முடியாது. ஹோம்ஸின் முதல் கதை வந்தது 1887இல். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்புதான் இங்கிலாந்தில் ஆணும் ஆணும் கொள்ளும் உறவைத் தண்டிக்கும் சட்டம் இன்னும் இறுக்கமானது. அப்படிப்பட்ட காலத்தின் எழுத்தில் ஒரு மௌனம் இருந்தால், அது ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். தங்களைப் போன்றவர்களைக் கதைகளில் தேடித் தேடியும் காணாதவர்களுக்கு அந்த மௌனம் ரொம்பப் பெரிய விஷயம்.

சரி, நான் எப்படிப் படிக்கிறேன்? பிரியும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். 1890இல் வந்த ஹோம்ஸ் நாவலின் முடிவில், தனக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டதை வாட்சன் சொல்கிறார். ஹோம்ஸிடமிருந்து ஒரு முனகல்தான் வருகிறது. வாழ்த்த முடியவில்லை என்று சொல்லியும் விடுகிறார். காதல் தெளிவான அறிவுக்கு எதிரி என்பது அவர் தரும் காரணம். அந்தக் காரணத்தை நான் நம்பவில்லை. உயிர்த் தோழனுக்குக் கல்யாணம் என்றதும் சந்தோஷத்தோடு சேர்ந்து நெஞ்சில் ஏதோ காலியாகிப் போனவர்களுக்கு அந்த முனகல் புரியும். அதைக் காதலின் பொறாமை என்று வாசிப்பவரோடு நான் சண்டை போட மாட்டேன். எனக்கு அது நட்பின் வலியாகவே கேட்கிறது. அதனால் அந்த வலி ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

அப்புறம் வாட்சன் கேட்கிறார்: எனக்கு மனைவி கிடைத்தாள், காவல் அதிகாரிக்குப் பெயர் கிடைத்தது, உங்களுக்கு என்ன மிச்சம்? எனக்குக் கோகெயின் குப்பி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஹோம்ஸ் அதை எடுக்கக் கையை நீட்டுகிறார்.

வணக்கம்.