பத்துக்குள்ள ஏன் ஒரு அஞ்சு?

வணக்கம் மக்களே, கோத்தகிரிலேர்ந்து பேசுறேன். இங்க ஸ்கூல் விட்டதும் அபாகஸ் கிளாஸுக்கு ஓடுற பசங்க கைல ஒரு மணிச்சட்டம் இருக்கும், அத ஒருதடவ நல்லா பாருங்க, ஒவ்வொரு கம்பிலயும் நடுக்கட்டைக்கு மேல ஒரே மணி, கீழ நாலு மணி, அவ்ளோதான். ஒம்போது வரைக்கும் எண்ணணும்னா இது எப்படி பத்தும்?

(திரையில்: ஒரு கம்பி, ஏழு காட்டுது)

மேல இருக்கறதுக்கு மதிப்பு அஞ்சு, கீழ ஒவ்வொண்ணும் ஒண்ணு. ஏழுன்னா மேல் மணிய இறக்கு, கீழ ரெண்ட ஏத்து. இது ஜப்பான்காரங்களோட சொரொபான், சீனாவோட பழைய சட்டத்துல மேல ரெண்டு கீழ அஞ்சு இருக்கும்.

இப்ப நாலோட மூணு கூட்டுங்க. கீழ நாலும் ஏத்தியாச்சு, இன்னும் மூணு ஏத்த மணியே இல்ல, அப்ப என்ன பண்ணணும்னா அஞ்ச இறக்கிட்டு ரெண்ட கழிச்சு விடணும், ஏன்னா அஞ்சுக்கு மூணோட ஜோடி ரெண்டு. பசங்க இத ஸ்மால் பிரண்ட்னு சொல்லுவாங்க, பத்துக்கு ஜோடி சேர்ந்தா பிக் பிரண்ட். இந்த முறையோட உயிரே இதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன், ஒரே நேரத்துல அஞ்சுலயும் பத்துலயும் யோசிக்க வைக்குது பாருங்க!

(திரையில்: நாலு கோடு, குறுக்க ஒண்ணு)

கேத்தி பக்கம் லாரில கேரட் மூட்டை ஏத்தும்போது நாலு கோடு போட்டு அஞ்சாவத குறுக்க இழுக்கறதும் இதேதான், நாலு வரைக்கும் எண்ணாமலே கண்ணுக்கு தெரிஞ்சிடும், அதுக்கு மேல போனா தடுமாறும். ரோமன் எண்ணுலயும் 1, 5, 10, 50, 100, 500, 1000 இதுக்குத்தான் தனித்தனி எழுத்து, அதாவது அஞ்சு மடங்கு, ரெண்டு மடங்குன்னு மாறி மாறி ஏறும். கம்போடியாவோட கெமர் மொழில பேச்சே அப்படித்தான், ஆறுக்கு 'அஞ்சு ஒண்ணு', ஏழுக்கு 'அஞ்சு ரெண்டு'ன்னு சொல்றாங்க, பத்துக்கு மட்டும் வேற சொல்லு.

(திரையில்: ஏழு விளக்கு)

கம்ப்யூட்டர் கூட இத விடல. 1954ல வேலைக்கு வந்த ஐபிஎம் 650ல ஒரு இலக்கத்துக்கு ஏழு பிட், அதாவது ஆன், ஆஃப்னு ரெண்டே நிலை இருக்கற ஏழு இடம், அதுல ரெண்டு பிட் பூஜ்யமா அஞ்சான்னு சொல்லும், மீதி அஞ்சு பிட் பூஜ்யத்துலேர்ந்து நாலு வரைக்கும். எந்த இலக்கமா இருந்தாலும் ரெண்டுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு மட்டும்தான் ஆன்ல இருக்கணும், ஒண்ணு கூடினாலோ கொறஞ்சாலோ அந்த இலக்கம் கெட்டுப்போச்சுன்னு மெஷினே கண்டுபிடிச்சிடும்.