கேக் தட்டும் தையல் மெஷினும் கோட்டை ரயிலும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

ஒக்டோபர் பிறந்தால் போதும், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் இலை உதிர்கிற படங்களை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். மஞ்சளும் சிவப்புமாகப் பார்க்க அழகுதான். கொழும்பில் எந்த மரமும் அப்படி நாள் பார்த்து இலை உதிர்ப்பதில்லை. காலம் மாறியதை நமக்குச் சொல்வது மழை. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பெரியவர்கள் சொன்னது இங்கேயும் பொருந்தும். மே மாதத்தை விட்டால் கொழும்பில் மழை கொட்டித் தீர்ப்பது ஒக்டோபரிலும் நவம்பரிலும்தான். அதுவும் பெரும்பாலும் ஒரு கணக்கோடுதான் பெய்யும். காலையில் பளீரென்று வெயில், மத்தியானம் தாண்ட வானம் கறுக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வீடு சேருகிற நேரத்தில் இடி.

இந்தக் கணக்கு கைவசம் இருந்தால் ஆண்டின் கடைசி மூன்று மாதமும் சுகமான காலம். தைக்கலாம், கேக் சுடலாம், நாலு இடம் போய் வரலாம். மூன்றையும் டிசம்பர் 20க்குப் பிறகு ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் பண்டிகை பாரமாகத் தெரிகிறது. ஒக்டோபரிலேயே ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தால் வேலையிலேயே பாதிக் கொண்டாட்டம் நடந்துவிடும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

முதலில் துணி. புறக்கோட்டையில் பிரதான வீதி, கெய்சர் வீதி, இரண்டாம் குறுக்குத் தெரு என்று துணிக்கடைகளுக்குக் குறைவில்லை. மஹரகமைப் பக்கம் போகக்கூடியவர்களுக்குப் பமுணுவ இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய நல்ல துணிகள் அங்கே மலிவாக அகப்படும். சேலை என்றால் வெள்ளவத்தை காலி வீதி. எங்கே போனாலும் வாரநாளில், காலையில் போங்கள். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போனால் துணியைப் பார்க்க முடியாது, முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கலாம்.

கடையில் துணியின் ஒரு மூலையைக் கைக்குள் இறுகக் கசக்கிப் பிடித்து, பத்து எண்ணிவிட்டு விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால், ரயிலில் நாலு மணி நேரம் உட்கார்ந்து எழும்பும்போதும் அது அப்படித்தான் நிற்கும். லினன் துணிக்கு அந்தச் சுருக்கமே அழகு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

வாங்கி வந்த பருத்தித் துணியை அன்றைக்கே வெட்டக் கூடாது. ஒரு முறை நனைத்து, பிழியாமல் உதறிக் காயப்போட்டு, இலேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும். சுருங்குவதெல்லாம் அந்த முதல் நனைப்பில் சுருங்கட்டும். மருதமுனைக் கைத்தறி போன்ற அடர்நிறத் துணி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஈரமான மூலையில் ஒரு வெள்ளைத் துண்டை வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்துங்கள். வெள்ளையில் சாயம் இறங்கினால், அந்தத் துணியை இன்னொரு வெளிர்நிறத் துணியோடு சேர்த்துத் தைக்க நினைக்காதீர்கள். இந்த வேலையெல்லாம் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால்தான் சரி. மத்தியானத்துக்கு மேல் கொடியில் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். போதாததற்கு ஒரு பூஞ்சண நாற்றமும் வரும்.

தையல்கடைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தீபாவளி நெருங்கும்போது புது ஓடர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள், அது முடிந்தால் நத்தார் நெரிசல். ஆகவே வீட்டில் மெஷின் இருப்பவர்கள் அதன் மூடியைக் கழற்றுங்கள். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பாட்டியின் கால்மெஷின் இன்னும் பூச்சாடி வைக்கிற மேசையாக நின்றுகொண்டிருக்கிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பட்டியை மாற்றினால் பெரும்பாலும் ஓடும். ஊசியையும் மாற்றுங்கள். மெல்லிய வொயில் துணிக்கு 11ஆம் நம்பர், தடித்த துணிக்கு 14, பட்டுக்கு 9. ஒரே ஊசியை மாதக்கணக்கில் போட்டுத் தைத்துவிட்டுத் தையல் தாவுகிறது என்று மெஷினைத் திட்டுவதில் பயனில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கிறவர்கள் இடுப்பிலும் அடியிலும் உள்மடிப்பு வைத்தே தைக்கிறார்கள், அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவர்களின் உடுப்புக்கு ஒரு வார்த்தை: பொக்கற் வையுங்கள். கடையில் விற்கிற பெண்கள் உடுப்புகளில் பொக்கற் இருப்பதே அரிது, இருந்தாலும் இரண்டு விரல் போகாது. நாமே தைக்கும்போது செலவே இல்லை. இடுப்புக்கு ஒரு சாண் கீழே, பக்கத் தையலை மூட்டுவதற்கு முன், கைப்பிடி அளவில் வெட்டிய துணியை முன்பக்கத்துக்கு ஒன்றும் பின்பக்கத்துக்கு ஒன்றுமாக இணைத்து, பிறகு உடுப்பையும் பையையும் ஒரே ஓட்டத்தில் சுற்றித் தைத்துவிட வேண்டும். வாயின் இரண்டு முனையிலும் முன்னும் பின்னுமாக மூன்று தையல் போட்டால் கிழியாது. ரயில் டிக்கெற்றும் அடையாள அட்டையும் கையை விட்டுப் போகாமல் இருக்க இதைவிட வேறு வழி இல்லை.

அப்புறம் கேக்.

இந்து வீடுகளில் இந்த மாதங்கள் விரத மாதங்களும்கூட. கேதார கௌரி விரதம் ஐப்பசி அமாவாசையோடு முடியும். மறுநாளே கந்தசஷ்டி தொடங்கி ஆறு நாள். கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு பிள்ளையார் பெருங்கதை, 21 நாள். முட்டையும் பிராண்டியும் சேர்கிற கேக்கை இதற்குள் எங்கே நுழைப்பது? பஞ்சாங்கத்தைப் பார்த்தால் வழி தெரியும். கந்தசஷ்டிக்கும் விளக்கீட்டுக்கும் நடுவில் சில ஆண்டுகளில் ஐந்து வாரம் கிடைக்கும், சில ஆண்டுகளில் ஒன்பது பத்து நாள்தான். ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும். நத்தார் கேக் சுடுவதற்கும் அதுதான் தோதான காலம், ஏனென்றால் சுட்ட கேக் ஊறி ருசி ஏற மூன்று நாலு வாரம் வேண்டும். விரதக்காரர்கள் சுட்டு வைத்துவிட்டு, 25ஆம் திகதி மாடியில் இருக்கிற கத்தோலிக்க வீட்டுக்குத் தட்டோடு கொடுத்து அனுப்பலாம். தாங்கள் சாப்பிடுவது பெருங்கதை முடிந்த பிறகு. கேக் கெட்டுப்போகாது, பயப்பட வேண்டாம்.

நம் ஊர் ரிச் கேக்கில் கோதுமை மா இல்லை, ரவைதான். அரைக் கிலோ ரவைக்கு அரைக் கிலோ பட்டர், முட்டை இரண்டு டசின் அளவு, அதிலும் பெரும்பங்கு மஞ்சள் கரு. கஜு, சுல்தானா, முந்திரிகை வற்றல், செரி, இஞ்சிப் பாகு, தோடம்பழத் தோல், கூடவே நீற்றுப் பூசணியைச் சீனிப் பாகில் போட்டுச் செய்கிற தோசி. இந்தப் பூசணித் தோசி இல்லாமல் கேக் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. வாயில் கரைகிற அந்த ஈரம் அதிலிருந்துதான் வருகிறது. வாசனைக்குக் கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய், ரோஸ் எசன்ஸ், கொஞ்சம் தேன்.

பழங்களை வெட்டுவதில் முட்டை கிடையாது. ஆகவே ஐப்பசியிலேயே, மழை பெய்கிற ஒரு மத்தியானத்தில், எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வெட்டலாம். கத்தியில் பிசுபிசுப்பு ஒட்டும், அடிக்கடி சுடுநீரில் தோய்த்துத் துடைக்க வேண்டும். பட்டாணியில் பாதி அளவுக்கு வெட்டினால் போதும். கஜுவை மெஷினில் அரைக்காதீர்கள், எண்ணெய் விட்டுவிடும். கத்தியால் கொத்துவதே நல்லது. வெட்டிய பழத்தைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, பிராண்டி ஊற்றி மூடிவைத்து, வாரம் ஒரு தடவை குலுக்கிவிடுங்கள். மதுவே ஆகாது என்கிற வீடுகளில் தோடம்பழச் சாறும் தேனும் விட்டு ஊறவைக்கலாம். ஆனால் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, கேக்கையும் சீக்கிரம் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

சுடுவதற்கு முதல் நாள் இரவு, வறுத்த ரவையைச் சூடு ஆறுவதற்குள் பட்டரோடு கலந்து வையுங்கள். ரவை பட்டரைக் குடித்து மெதுவாகும், கேக் நறநறக்காது. மறுநாள் மஞ்சள் கருவும் சீனியும் வெளுத்து வரும்வரை அடித்து எல்லாவற்றையும் கலந்து, கடைசியாகக் கொஞ்சம் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துச் சேர்க்க வேண்டும். தட்டுக்கு அடியிலும் சுற்றிலும் பழைய பேப்பர் நாலைந்து மடிப்பு, அதன் மேல் எண்ணெய்த் தாள். பழமும் சீனியும் நேரடிச் சூட்டில் கருகிவிடும் என்பதால்தான் இந்தப் பேப்பர் மெத்தை. அவணில் 150 பாகை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். குத்திப் பார்த்தால் குச்சி சுத்தமாக வராது, வரவும் தேவையில்லை. மாவு ஒட்டாமல் ஈரப் பொடியாக வந்தால் இறக்கிவிடலாம். அவண் இல்லாதவர்கள், தெருமுனைப் பேக்கரியில் பாண் சுட்டு முடிந்த பிறகு போறணைச் சூட்டில் தட்டை வைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். முன்பு அப்படித்தான் நடந்தது.

ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீட்டு நத்தார் காலை வேறு மாதிரி. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து, வரிவரியான அச்சில் சுடுகிற புரூடர், அதன் மேல் பட்டரும் ஒல்லாந்துச் சீஸும். 1908இல் தொடங்கிய ஒல்லாந்துப் பறங்கியர் சங்கம் கொழும்பு 4, ரீட் மாவத்தையில் இன்றும் இருக்கிறது. நண்பர் வீட்டில் ஒரு துண்டு கிடைத்தால் விடாதீர்கள். நம் தீபாவளிப் பலகாரங்களைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. சீனி அரியதரத்துக்குப் பாகுபதம் சொல்ல வானொலிக்கு வந்தவரைவிட உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

இனிப் பயணம். ஒக்டோபர், நவம்பரில் மலைநாட்டுக்குத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு கண்ணை வானிலையில் வைத்திருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் செய்ததை மறக்க முடியாது. மண்சரிவில் உயிர்களும் வீடுகளும் போயின, வீதிகளும் ரயில் பாதையும் சிதைந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கிற மண்சரிவு எச்சரிக்கையையும், ரயில் எதுவரை ஓடுகிறது என்பதையும் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுவதில் வெட்கமில்லை. அந்த வாரத்தில் மெஷினடியில் உட்காரலாம்.

டிசம்பரில் தெற்கே கடல் அடங்கிவிடும். காலி, மிரிஸ்ஸப் பக்கம் போகலாம். மன்னாருக்குப் போகிறவர்கள் வங்காலைப் பக்கம் வலசை வந்த பறவைகளைப் பார்க்கலாம். டிசம்பர்ப் பௌர்ணமியான உந்துவப் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவமும் தொடங்கும். ஹட்டனில் இறங்கி நல்லதண்ணி வழியாக ஏறுவது வழக்கம். 2,243 மீற்றர் உயரம், ஐயாயிரத்துக்கு மேல் படிகள். இரவில் ஏறி விடியலைப் பார்க்கிறவர்களுக்கு வியர்வையும் குளிரும் மாறிமாறி வரும். நுவரெலியாவிலும் ஜனவரி நெருங்கினால் அதிகாலைப் புல்லில் உறைபனி படிகிற நாட்கள் உண்டு.

அதற்காகத் தடித்த ஸ்வெட்டர் வாங்கி, கொழும்புக்குத் திரும்பியதும் அலுமாரியில் பூச்சிக்குக் கொடுக்கிறவர்கள் நம்மில் அநேகம். மெல்லிய பருத்திச் சட்டைக்கு மேல் உள்துணி வைத்துத் தைத்த முழுக்கை மேற்சட்டை ஒன்று போதும். இரண்டு துணிக்கும் நடுவில் நிற்கிற காற்றுத்தான் குளிரைத் தடுக்கிறது, ஏறும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். ஃபிளானல் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த மேற்சட்டையை நவம்பரிலேயே தைத்து முடியுங்கள், இருபக்கமும் பொக்கற்றோடு.

கேக்கைப் பயணத்துக்குக் கொண்டு போகிறவர்கள், சுட்ட மறுநாள் நன்றாக ஆறிய பிறகு சின்னச் செவ்வகத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளில் சுற்றி, தகர டின்னில் அடுக்கி வையுங்கள். கோட்டையில் ரயில் ஏறும்போது டின் பையின் அடியில் இருக்கட்டும். மேலே வைத்தால் றாகமை தாண்டுவதற்குள் பாதி முடிந்துவிடும்.

வாய்ப்புத் தந்த வானொலி நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.