மறதியும் மூளையைத் தூர்வாரும் ஆட்களும்

நேயர்களுக்கு வணக்கம். "காலையிலேருந்து எனக்குச் சோறே போடல" என்று ஆச்சி தெருவில் போகிறவர்களிடம் சொல்லுவார். கையில் ரசத்தின் ஈரம் காய்ந்திருக்காது. மருமகள் பாவம், வாயடைத்து நிற்பாள். அடுத்து அந்த வீட்டில் கிளம்பும் கேள்வி, "இது எங்களுக்கும் வருமா டாக்டர்?"

குளத்தில் அமலைச்செடி மண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மறதியைத் தரும் அல்சைமர் நோயில் மூளைக்குள் அமிலாய்டு என்ற புரதம் அப்படித்தான் திட்டுத்திட்டாகப் படியும். அதை அள்ள அங்கேயே ஆள் உண்டு: மைக்ரோக்ளியா செல்கள். ஆள் சுணங்கினால் செடி மண்டும். வெறிகொண்டு அள்ளினால்? செடியோடு மடையும் இடிந்துபோகும். அழற்சி என்கிறோமே, அது இந்த இடிபாடுதான். மறுபடியும் சொல்கிறேன்: அள்ளாவிட்டாலும் கேடு, அளவு மீறி அள்ளினாலும் கேடு.

இந்த ஆட்களின் சுபாவம் பாதி பிறப்பிலேயே வருவது. ட்ரெம்2 என்றொரு மரபணு. அது தரும் புரதம் 230 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை. 47ஆவது மணியில் ஆர்ஜினின் இருக்கவேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் விழுந்தால், அமிலாய்டைச் சுற்றி வளைக்கும் பிடி தளர்ந்துவிடும். ஒரே ஒரு மணி! ஐஸ்லாந்தில் செய்த ஆய்வு 2013இல் அச்சானது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய 3 மடங்கு. ஆனால் அங்கேயே மிகச் சிலரிடம்தான் அது உண்டு.

அழற்சியைக் கூட்டிக் குறைக்கும் இன்டர்லூக்கின், டிஎன்எஃப் போன்ற செய்திப் புரதங்களின் மரபணுக்கள் கதை வேறு. சில நூறு பேரை வைத்து ஒரு ஊரில் 'ஆபத்து உண்டு' என்பார்கள், அடுத்த ஊரில் 'இல்லை' என்பார்கள். ஆள் குறைந்தால் தற்செயலே பெரிய வித்தியாசம்போலத் தெரியும். நோயாளிகளை ஒரு சமூகத்திலும் நலமானவர்களை வேறொரு சமூகத்திலும் எடுத்தாலோ கணக்கே கோணிப்போகும். பேப்பரில் 'மறதி மரபணு' என்று பார்த்தால், எத்தனை பேரைச் சோதித்தார்கள், எங்கே எடுத்தார்கள் என்று தேடுங்கள். தலைப்பைவிட அந்த எண் முக்கியம்.

அழற்சிதானே என்று வலி மாத்திரையைத் தினமும் போடாதீர்கள். அமெரிக்காவில் முதியவர்களுக்கு நாப்ராக்ஸன், செலகாக்ஸிப் என்ற வலி மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள்; இதயத்துக்கு ஆபத்தோ என்ற ஐயத்தில் 2004இல் நிறுத்தினார்கள். பின்னால் கணக்குப் பார்த்தபோதும் நோயைத் தடுத்ததாகத் தெரியவில்லை. வயிறும் சிறுநீரகமும் கெடுவதுதான் மிச்சம்.

நேரம் முடிந்ததென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அபோஇ 4 என்ற மரபணு வகை பற்றி ஒரே வரி: வயதான பின் வரும் அல்சைமரில் பரவலாகக் காணும் பெரிய மரபணு ஆபத்து அதுதான், இருந்தும் நோயே வராதவர்கள் நிறைய. மரபணு சோதனைக்குப் பணம் கட்டும் முன், ஆச்சிக்கு பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அந்தக் குறைகளால் வந்த மறதி என்றால் மருந்துக்குக் கேட்கும். காது கேட்கிறதா என்றும் பாருங்கள். வணக்கம்.