விசுவாசத்தின் கைவேலை

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு மனிதனை நம் கண்முன் நிறுத்துகிறார். உடுக்கத் துணியின்றி, அன்றைய சாப்பாட்டுக்கு வழியின்றி நிற்கும் சகோதரனைப் பார்த்து அவன், "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறான். சொல் நல்ல சொல்தான், கைதான் வெறுங்கை. நாம் அவனைவிடக் கொஞ்சம் மேல். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு போர்வையாவது கொடுக்கிறோம். அது நல்ல காரியம், அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் வாங்கிச் சென்றவருக்கு உண்மையில் என்ன வேண்டியிருந்தது என்று நாம் கேட்டோமா? இன்று மாலை அந்தக் கேள்வியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

நம் கிரியைகள் நம்மை இரட்சிப்பதில்லை. எபேசியர் இரண்டாம் அதிகாரம் அதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. கிருபையால் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று சொன்ன கையோடு, நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றும் பவுல் எழுதுகிறார். இதற்கு மேல் இதில் வாதாட ஒன்றுமில்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். 1914-ல் நம்முடைய கொல்லிமலையில், மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோதே இங்கே மலையில் தந்தை காய்ச்சலில் இறந்துபோனார். மருத்துவம் படிப்பதற்கு முன் பிராண்ட் கற்றுக்கொண்டது தச்சு வேலையும் கொத்து வேலையும். மிஷனுக்குக் கட்டடம் கட்டித் தரலாம் என்ற எண்ணம். பிறகு அறுவை மருத்துவராகி 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார்.

அங்கே விரல்கள் மடங்கிச் சுருண்டுபோன ஒரு நோயாளியிடம் தம் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் தொழுநோயாளியைத் தொடுவதற்கே ஊர் அஞ்சியது. பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி தாங்கவில்லை. அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அவர் கையில் உணர்ச்சி இல்லை. ஆனால் தசையில் பலம் இருந்தது! செத்த கை என்று எல்லாரும் கைவிட்ட கைக்குள் உயிருள்ள தசை இருக்கிறது என்பதை அந்த வலிதான் அவருக்குக் காட்டிக்கொடுத்தது. பலமுள்ள தசையை எலும்போடு இணைக்கும் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவையை 1948-ல் தொடங்கினார். மூடிய விரல்கள் திறந்தன.

நன்மை செய்தாயிற்று என்று நாமாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்போம். ஆனால் கை சரியாகி ஊருக்குப் போனவர்கள் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். நோயின் தழும்பைப் பார்த்து யாரும் வேலை தரவில்லை. விரல் நேராகிவிட்டதால் பிச்சையும் முன்போல் விழவில்லை. யாக்கோபு காட்டிய அந்த மனிதனின் வார்த்தையையே நாமும் சொல்லி அனுப்பியிருக்கிறோமே என்ற எண்ணம் அங்கிருந்தவர்களுக்கு வந்திருக்க வேண்டும். வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே அவர்களுக்காகக் குடிசைகள் எழுந்தன, தச்சுப் பட்டறை வந்தது. இளமையில் பழகிய உளியும் இழைப்புளியும் டாக்டருக்கு இங்கே உதவின. நம்முடைய எந்தத் திறமையைக் கர்த்தர் எப்போது கேட்பார் என்பது நமக்குத் தெரியாது.

இனிச் சொல்லப்போவது எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுகிறது. நோயாளி இரவில் படுக்கும்போது நன்றாக இருந்த விரலில், காலையில் ஒரு துண்டைக் காணோம். நோய் தின்றுவிட்டது என்று ஊர் சொல்லும். மருத்துவமனையில் இருந்தவர்களோ இரவெல்லாம் காவல் இருந்து பார்த்தார்கள். எலி வந்து கடித்தது. உணர்ச்சியில்லாத கை என்பதால் தூங்குகிறவர் விழிக்கவே இல்லை. அதற்குப் பிறகு, குணமாகி வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். ஆம், பூனை! எந்தப் பிரசங்கத்திலும் நற்கிரியைகளின் பட்டியலில் பூனை இடம்பெற்றதில்லை. இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்த அன்புக்கு மட்டுமே அது தோன்றும்.

பாதங்களில் ஆறாத புண் வருவதும் அப்படித்தான். கல்லும் முள்ளும் குத்துவது தெரியாமல் நடந்து நடந்து வந்த புண் அது. அதற்காக மெத்தென்ற ரப்பரில் காலணி செய்து பார்த்தார்கள். இன்றும் மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்துளை ரப்பர் செருப்பு, என்று கேட்டால் தருவார்கள். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு இந்த நோயைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். கூட்டு மருந்து இலவசம், நோய் முழுமையாகக் குணமாகும். தோலில் உணர்ச்சியில்லாத தேமலைக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதே செருப்பை இன்று சர்க்கரை நோயாளிகளும் அணிகிறார்கள். நம் வீடுகளில் அந்த நோய் இல்லாத வீடு எது? இந்தச் சபையிலும் கால் மரத்துப்போன பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆணி குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க அவர்களால் முடியாது. பெரிய வியாழன் அன்று பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும் சடங்கைப் பக்தியோடு பார்க்கிறோம். ஆண்டவர் கழுவியது சீஷர்களின் அழுக்குப் பாதங்களைத்தான்.

ஆகவே இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அம்மாவையோ மாமனாரையோ நாற்காலியில் உட்கார வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள், அவர்கள் காலால் பார்க்கச் சொல்லாதீர்கள். கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடையுங்கள். விளக்கைக் கிட்டே கொண்டுவந்து உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். சிறு கொப்புளம் இருந்தாலும் நீங்களே பிளேடு வைக்க வேண்டாம், காலையில் மருத்துவரிடம் போங்கள். துணைக்கு யாரும் இல்லாத பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், அந்த வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.