தியானம் வாயில் தொடங்குகிறது: 131-ஆம் சங்கீதத்தோடு 15 நிமிடம்

(திரையில்: சங்கீதம் 1:2)

தியானம் என்றதும் கண்ணை மூடி, மனதைக் காலியாக்கி உட்காருவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று முதல் சங்கீதம் சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் வினைச்சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31:4-இல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும், 38:14-இல் புறா புலம்புவதற்கும் இதே சொல்தான். யோசுவா 1:8-ஐயும் பாருங்கள். நியாயப்பிரமாண புஸ்தகம் "உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக" என்கிறது அந்த வசனம்.

(திரையில்: 1 சாமுவேல் 1:13)

அன்னாள் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். ஜெபம் சத்தமாக இருப்பதே அன்றைக்கு வழக்கம் என்பது அந்தத் தவறிலிருந்தே தெரிகிறது.

சரி, செய்து பார்ப்போம். 131-ஆம் சங்கீதத்துக்கு மூன்றே வசனம், அதனால்தான் அதை எடுக்கிறோம். 176 வசனமுள்ள 119-ஐ முதல் நாளே எடுத்தால் முடிப்பதில்தான் கவனம் போகும். அச்சிட்ட வேதாகமம் நல்லது. போனில் படித்தால் இரண்டாம் வசனத்துக்குள் ஏதாவது ஒரு மெசேஜ் வந்து நிற்கும்.

முதல் 3 நிமிடம்: உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும்படி முழுவதையும் இரண்டு தடவை வாசியுங்கள்.

அடுத்த 5 நிமிடம்: ஒரே ஒரு சொற்றொடர். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல." இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு தடவை 'தாயின்' மேல் அழுத்தம், அடுத்த தடவை 'பால்மறந்த' மேல். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பால் குடிக்கிற குழந்தை மடிக்கு வந்ததும் மார்பைத் தேடும், கிடைக்காவிட்டால் அழும். பால் மறந்த குழந்தை அப்படியில்லை. அந்தக் காலத்தில் மூன்று வயதுவரைகூடப் பால் கொடுத்தார்கள், ஆகவே இது பேசத் தெரிந்த, கேட்கத் தெரிந்த பிள்ளை. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் மடியில் கிடக்கிறது. அதற்குத் தாய் போதும்.

அடுத்த 4 நிமிடம் ஜெபம். அதே சொற்றொடரைக் கர்த்தரைப் பார்த்துப் பேசுங்கள்: "நான் இன்னும் பால் கேட்டு அழுகிறேன்" என்பதும் ஜெபம்தான். விண்ணப்பப் பட்டியலை இங்கே எடுக்காதீர்கள், அதற்கு வேறு நேரம் இருக்கிறது.

கடைசி 3 நிமிடம்தான் மௌனம். 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ இந்த வரிசையைச் சாப்பாட்டோடு ஒப்பிட்டார்: வாசிப்பு கவளத்தை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, ஜெபம் ருசியைப் பிழிந்தெடுக்கிறது, நான்காவது படி அந்த இனிமையேதான். மெல்லாமல் நேரே மௌனத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் தூக்கம் வருகிறது. ஆகவே மெல்லும் அந்த 5 நிமிடத்தில் உதடு நின்றுவிட்டதா என்று பாருங்கள். நின்றிருந்தால் சொற்றொடரைச் சத்தமாக ஒரு முறை சொல்லித் திரும்ப ஆரம்பியுங்கள். "கேஸ் புக் பண்ண வேண்டும்" என்று நினைப்பு வந்தால் காகிதத்தில் ஒரு வார்த்தை குறித்துவிட்டு வாருங்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

திரும்பத் திரும்பச் சொல்வது மத்தேயு 6:7 கண்டிக்கும் அலப்புதல் ஆகாதா? ஆகாது. அதிக வார்த்தை பேசினால்தான் தேவன் கேட்பார் என்ற எண்ணத்தைத்தான் அந்த வசனம் கண்டிக்கிறது. 136-ஆம் சங்கீதம் ஒரே வரியை 26 தடவை சொல்கிறது. கெத்செமனேயில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார்.

எழுந்திருக்கும் முன் மூன்றாம் வசனத்தை மட்டும் உரக்க வாசியுங்கள். அதுவரை 'நான்' என்று பேசிய பாடல் அங்கே இஸ்ரவேல் முழுவதையும் நோக்கித் திரும்புகிறது. அடுத்த அறையில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.