நாய்க்கு திடீர்னு ரத்த அளவு எறங்கிட்டா மொத ரெண்டு வாரம் என்ன பண்றது

(ஸ்க்ரீன்ல: ஒரு கை நாயோட மேல் உதட்ட தூக்கி ஈற காட்டுது)

வணக்கம்ங்க. வீட்ல நாய் இருக்கா, அப்ப இந்த வீடியோவ நிறுத்திட்டு அத பக்கத்துல கூப்பிட்டு மேல் உதட்ட லேசா தூக்கி ஈறப் பாத்துட்டு வாங்க. நல்லா இருக்கிற நாய்க்கு ஈறு ரோஸ் கலர்ல ஈரமா இருக்கும், விரல வச்சு ஒரு அழுத்து அழுத்தி விட்டா வெளுத்துட்டு ரெண்டு செகண்டுக்குள்ள பழையபடி ரோஸ் ஆயிடும். சில நாய்ங்களுக்கு ஈறே கறுப்பா இருக்கும், அதுங்களுக்கு கண்ணோட கீழ் இமைய கொஞ்சம் இழுத்து உள்பக்கம் பாருங்க. நாய் நல்லா இருக்கும்போதே அந்த கலர மனசுல ஏத்தி வச்சுக்கணும், அப்பத்தான் ஒரு நாள் அது வெள்ளையாவோ மஞ்சளாவோ மாறும்போது உங்களுக்கு சுருக்குன்னு படும்.

ஏன் இத மொதல்ல சொல்றேன்னா, நேத்து வரைக்கும் வாசல் கேட் வரைக்கும் ஓடி வந்த நாய் இன்னிக்கு எந்திரிக்க மாட்டேங்குது, சோறு வேணாங்குது, நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது, நாமளும் வெயிலுக்கு அப்படி இருக்கும், சேலம் வெயில் நமக்கே தாங்கலயேன்னு ரெண்டு நாள் விட்டுடுறோம். அந்த ரெண்டு நாள்ல ரத்தம் பாதியா எறங்கிடலாம். அதனால ஈறு வெளுத்திருக்கு, இல்ல ஒண்ணுக்கு டீ டிகாஷன் மாதிரி போகுது, இல்ல கண்ணு வெள்ளை மஞ்சளா தெரியுது, இதுல எது ஒண்ணு இருந்தாலும் காலைல போய்க்கலாம்னு நினைக்காதீங்க, அப்பவே தூக்கிட்டு கிளம்புங்க.

(ஸ்க்ரீன்ல: ரத்த சிவப்பணு படம்)

சரி உள்ள என்னதான் நடக்குது. நாயோட சிவப்பணு ஒண்ணு சாதாரணமா ஒரு 110 நாள் வரைக்கும் உசுரோட இருக்கும், பழசாகி அழியும், எலும்பு மஜ்ஜைல புதுசு வந்துட்டே இருக்கும். ஐ.எம்.எச்.ஏ ங்கிற நோய்ல உடம்போட எதிர்ப்பு சக்தியே தன்னோட சிவப்பணுவ வெளியாள்னு நினைச்சு அழிக்க ஆரம்பிச்சுடும், மஜ்ஜை உருவாக்குற வேகத்த விட அழியற வேகம் ஜாஸ்தி. காக்கர் ஸ்பேனியல் மாதிரி சில இனத்துக்கு இது தானாவே வரும், காரணம் தேடினாலும் கிடைக்காது. ஆனா நம்ம ஊர்ப்பக்கம் இப்படி ஒரு நாய் வந்தா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது உண்ணி.

உண்ணிக் காய்ச்சல்னு பொதுவா சொல்றோமே அதுக்குள்ள பல கிருமி இருக்குங்க. எர்லிக்கியான்னு ஒண்ணு, அது பெரும்பாலும் பிளேட்லெட்ட குறைக்கும், வயித்துல செவப்பு செவப்பா புள்ளி வரும், மூக்குல ரத்தம் வரும். பபேசியான்னு இன்னொண்ணு, அது சிவப்பணுக்குள்ளயே பூந்து உக்காந்து உடைக்கும், அது பத்தாதுன்னு எதிர்ப்பு சக்தியையும் கிளப்பி விட்டு நான் இப்ப சொன்ன ஐ.எம்.எச்.ஏ வையும் சேத்து கொண்டு வரும். இந்த பபேசியால கிப்சோனின்னு ஒரு வகை இருக்கு, அத உலகத்துலயே மொத மொதல்ல கண்டுபிடிச்சு எழுதினது நம்ம மெட்ராஸ்லதான், 1910ல பேட்டன்ங்கிறவர், மெட்ராஸ் ஹன்ட்னு வெள்ளைக்காரங்க வச்சிருந்த வேட்டை நாய்ங்களோட ரத்தத்துலயும் அப்புறம் நரியோட ரத்தத்துலயும் பாத்து எழுதி வச்சார். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அது இன்னும் நம்ம கூடவேதான் இருக்கு. உண்ணி மூலமா மட்டும் இல்ல, நாயும் நாயும் கடிச்சு சண்டை போட்டாலும் ஒட்டும், அதனால ஏற்காட்டுல காபி எஸ்டேட்டுக்குள்ள அவுத்து விட்டு வளக்குற நாய்ங்க, ராத்திரி வேற நாய்ங்களோட சண்டை போட்டுட்டு வர்ற நாய்ங்க வச்சிருக்கிறவங்க இத காதுல போட்டுக்கோங்க.

மூணாவது காரணம் நம்ம சமையல்கட்டு. வெங்காயம் பூண்டு ரெண்டும் நாயோட சிவப்பணுவ உடைக்கும், வேக வச்சாலும் விஷம் போகாது. சாம்பார் சாதம், பிரியாணி, தட்டுவடை செட்டுல மிச்சமான வெங்காயம், இதெல்லாம் ஒரு வாய்தானேன்னு தெனமும் போட்டா உள்ள சேந்துகிட்டே போகும். காய்ச்சல் அடிக்குதுன்னு நம்ம பாராசிட்டமால உடைச்சு கொடுக்கிறதும் ரத்தத்தையும் ஈரலையும் கெடுக்கும். டாக்டர் கேக்கும்போது என்ன கொடுத்தீங்களோ அத மறைக்காம சொல்லிடுங்க, அவங்க திட்டினா திட்டிட்டு போறாங்க.

(ஸ்க்ரீன்ல: டெஸ்ட் ரிப்போர்ட், பி.சி.வி ங்கிற வரி மட்டும் வட்டம் போட்டு)

ஆஸ்பத்திரில ரத்தம் எடுப்பாங்க. ரிப்போர்ட்ல ஆயிரம் வரி இருந்தாலும் நீங்க பி.சி.வி ங்கிற ஒரு நம்பர புடிச்சுக்கோங்க, நூறு பங்கு ரத்தத்துல சிவப்பணு எவ்வளவு பங்குன்னு அர்த்தம். நாய்க்கு 37ல இருந்து 55 வரைக்கும் நார்மல். 20க்கு கீழ வந்துட்டா ஆபத்து. ஆனா நம்பர் மட்டும் பத்தாது, எவ்வளவு வேகமா எறங்குச்சுன்னும் பாக்கணும், மாசக்கணக்குல மெதுவா 18க்கு வந்த நாய் வால ஆட்டிட்டு நிக்கும், ரெண்டு நாள்ல 40ல இருந்து 18க்கு விழுந்த நாய் தலையத் தூக்காது.

அப்புறம் ஒரு சொட்டு ரத்தத்த கண்ணாடி ஸ்லைடுல வச்சு சலைன் கலந்து பாப்பாங்க, சிவப்பணு கொத்து கொத்தா ஒட்டிக்கிட்டு நின்னா ஐ.எம்.எச்.ஏ வுக்கு பெரிய தடயம் அது. ஸ்மியர்னு ரத்தத்த ஸ்லைடுல மெல்லிசா தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, உள்ள பபேசியா தெரியுதான்னு. ஸ்மியர்ல தெரியலன்னா இல்லவே இல்லன்னு அர்த்தம் கிடையாது, கிருமியோட மரபணுவ தேடுற பி.சி.ஆர் டெஸ்ட்ல மாட்டும். நான் அழுத்தி சொல்றது ஒண்ணு, ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி, மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டெஸ்டுக்கு ரத்தம் எடுத்து வச்சுட்டீங்களா டாக்டர்னு மரியாதையா கேட்டுடுங்க, மருந்து உள்ள போனதுக்கப்புறம் எடுத்தா கிருமி ஒளிஞ்சுக்கும், ஏத்துன ரத்தமும் ரிசல்ட்ட குழப்பும்.

எங்க போறதுன்னு கேப்பீங்க. பக்கத்துல இருக்கிற டாக்டர்கிட்டதான் மொதல்ல. பெரிய வசதி வேணும்னா சேலத்துல இருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி சுமார் 50 கிலோமீட்டர்ல இருக்கு, ஆத்தூர் தாண்டி தலைவாசல்லயும் இப்ப கல்லூரி வந்துடுச்சு. போறதுக்கு முன்னாடி போன் போட்டு ரத்தம் ஏத்த முடியுமா, எத்தன மணி வரைக்கும் இருப்பீங்கன்னு கேட்டுட்டு போங்க, வெளுத்துப்போன நாய வச்சுக்கிட்டு ஊர் ஊரா அலையக் கூடாது.

ஏற்காடுக்காரங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. மலை ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, ரத்தம் இல்லாத நாய்க்கு அந்த குலுக்கலும் வாந்தியும் ரொம்ப கஷ்டம். மொத வாரம் டாக்டர் தெனமும் வரச் சொல்லுவார், அதுக்கு ஏறி எறங்கி ஏறி எறங்கி திரியாம சேலத்துலயோ அடிவாரத்துலயோ சொந்தக்காரங்க வீடு இருந்தா கூச்சப்படாம ஒரு வாரம் தங்கிடுங்க. ராத்திரி ஒரு மணிக்கு மூச்சு வாங்குச்சுன்னா பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கலாம்.

இனி வைத்தியம். ஐ.எம்.எச்.ஏ ன்னா அடிப்படை மருந்து எதிர்ப்பு சக்திய அடக்குற ஸ்டீராய்டு, ப்ரெட்னிசோலோன். பத்தலன்னா கூட மைக்கோஃபீனோலேட், அசத்தயோபிரின், சைக்ளோஸ்போரின் இதுல ஒண்ணு சேப்பாங்க. எர்லிக்கியான்னா டாக்ஸிசைக்ளின், வழக்கமா 28 நாள், நடுவுல நல்லாயிடுச்சுன்னு நிறுத்தக் கூடாது, சாப்பாட்டோட கொடுங்க, வறண்ட தொண்டைல மாட்டிக்கிட்டா புண்ணாக்கிடும். கிப்சோனின்னா சாதாரண பபேசியாவுக்கு போடுற ஊசி முழுசா கேக்காது, அட்டோவக்வோனும் அசித்ரோமைசினும் சேத்து கொடுப்பாங்க. நிறைய பேருக்கு தெரியாத விஷயம், இந்த ஐ.எம்.எச்.ஏ ல ரத்தம் குறையுறதோட ரத்தம் உறையுற ஆபத்தும் ஜாஸ்தி, நிறைய நாய் போறது நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சுத்தான். அதுக்குத்தான் க்ளோபிடோக்ரெல் மாதிரி மருந்து எழுதுறாங்க, இது ஹார்ட் மாத்திரையாச்சே நாய்க்கு எதுக்குன்னு மெடிக்கல்ல யாராவது சொன்னாங்கன்னு விட்டுடாதீங்க.

இப்ப நான் மெயினா சொல்ல வந்தது. மருந்து ஆரம்பிச்ச ரெண்டாவது நாள், மூணாவது நாள் ரிப்போர்ட் பாத்தா பி.சி.வி இன்னும் எறங்கியிருக்கும். வீட்ல எல்லாருக்கும் மனசு உடைஞ்சு போகும், மருந்து வேலை செய்யல, பேசாம விட்டுடலாம்னு பேச்சு ஆரம்பிக்கும். ஆனா மஜ்ஜை புதுசா சிவப்பணு தயாரிச்சு வெளிய அனுப்பவே மூணுல இருந்து அஞ்சு நாள் ஆகும், ஸ்டீராய்டு வேலையக் காட்டவும் அந்த அளவு ஆகும், சில நாய்க்கு ஒரு வாரத்துக்கு மேலயும் ஆகும். அந்த இடைவெளிய தாண்ட வைக்கத்தான் ரத்தம் ஏத்துறாங்க. ஏத்துன ரத்தமும் கொஞ்சம் அழியத்தான் செய்யும், அப்பவும் அது வாங்கித் தர்ற ரெண்டு மூணு நாள்தான் நாய காப்பாத்துது. அதனால மொத வாரத்து நம்பர பாத்து முடிவெடுக்காதீங்க, ரெட்டிகுலோசைட் ஏறுதா டாக்டர்னு கேளுங்க, அது புது அணு, அது ஏற ஆரம்பிச்சுட்டா மஜ்ஜை முழிச்சுக்கிச்சுன்னு அர்த்தம்.

வீட்ல உங்க வேலை, காலைலயும் ராத்திரியும் ஒரே லைட் வெளிச்சத்துல ஈறப் பாத்து போட்டோ எடுத்து வைங்க. ஒண்ணுக்கு போன எடத்துல வெள்ளை டிஷ்யூ வச்சு ஒத்தி கலர் பாருங்க. தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தன மூச்சுன்னு எண்ணுங்க, 30க்கு மேல போய்ட்டே இருந்தா போன் போடணும், பகல் வெயில்ல நாக்க தொங்கப் போட்டு எளைக்கிறத எண்ணக் கூடாது, ஃபேன் அடியில நல்லா தூங்குற நேரம் பாத்து எண்ணுங்க. திடீர்னு மூச்சுத் திணறல், பின்னங்கால் இழுத்துக்கிறது, தார் மாதிரி கறுப்பா வெளிய போறது, இதெல்லாம் அப்பவே ஓட வேண்டிய விஷயம். மாத்திரைய ஒரு நோட்டுல எழுதி டிக் போடுங்க, வீட்ல நாலு பேர் இருந்தா ஒருத்தர் கொடுத்தாச்சான்னு தெரியாம இன்னொருத்தர் கொடுத்துடுவாங்க.

ஸ்டீராய்டு சாப்பிடுற நாய் பானை பானையா தண்ணி குடிக்கும், வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்கு போயிடும், எப்பப் பாத்தாலும் பசிங்கும். அத அடிக்காதீங்க பாவம், அது மருந்தோட வேலை. தொந்தரவா இருக்குன்னு மாத்திரைய பட்டுன்னு நிறுத்தினா நோய் திரும்பும், உடம்பும் தாங்காது.

(ஸ்க்ரீன்ல: உலர் திராட்சை, மேல சிவப்பு பெருக்கல் குறி)

ரத்தம் ஊறட்டும்னு நம்ம வீட்டுப் பெரியவங்க பாசத்துல எதையாவது கொடுப்பாங்க. உலர் திராட்சை கூடவே கூடாதுங்க, நாயோட கிட்னிய அடிச்சுடும். டெங்குவுக்கு கொடுக்கிற பப்பாளி இலைச் சாறு டாக்டர கேக்காம ஊத்தாதீங்க, கசப்புல வாந்தி எடுத்தா மாத்திரையும் சேந்து வெளிய வந்துடும். இரும்புச்சத்து டானிக்கும் இங்க பெருசா உதவாது, ஏன்னா உடைஞ்ச சிவப்பணுல இருந்த இரும்பு உடம்புக்குள்ளயேதான் இருக்கு. வெங்காயம் போடாத கோழிக்கறியும் சோறும், முட்டை, கொஞ்சம் கொஞ்சமா, அது போதும்.

காசு பத்தியும் பேசணும். டெஸ்ட், ரத்தம், ட்ரிப்ஸ், மாசக்கணக்குல மாத்திரைன்னு செலவு கையக் கடிக்கும், நாய்க்கு இவ்வளவாடான்னு சொந்தத்துலயே கேப்பாங்க. மொத நாளே டாக்டர்கிட்ட என்னால இவ்வளவுதான் முடியும், இதுல எது கட்டாயம்னு நேரா கேட்டுடுங்க, நல்ல டாக்டர் யாரும் அதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க. எல்லாம் பண்ணியும் சில நாய் பிழைக்காது, இது உண்மையிலயே கொல்ற நோய். மூச்சுக்கு தவிக்கிற நாய ஊசி போட்டு அனுப்புறதுன்னு ஒரு குடும்பம் முடிவு பண்ணா அவங்களுக்கு பாசம் இல்லன்னு யாரும் பேசாதீங்க, அந்த வீட்டு ஆளுங்க எத்தன ராத்திரி தூங்காம உக்காந்திருந்தாங்கன்னு வெளிய இருக்கிறவங்களுக்கு தெரியாது.

பிழைச்ச நாய்க்கு ஸ்டீராய்ட டாக்டர் சொல்ற மாதிரி சில வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க, ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் பி.சி.வி பாக்கணும், பல மாசம் இழுக்கும். நோய் திரும்பவும் வரலாம். தடுப்பூசி தேதி வந்தா தானா போய் போட்டுடாம இந்த கதைய சொல்லி கேட்டுட்டு போடுங்க.

உண்ணிய விட்டுட்டா இவ்வளவும் வீண். பழுப்பு உண்ணி நாய் மேல இருக்கிறத விட சுவத்து வெடிப்புலயும் கட்டில் சந்துலயும்தான் ஜாஸ்தி, ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும். பிராவெக்டோ, நெக்ஸ்கார்டு மாதிரி உண்ணி மாத்திரைய நாயோட எடைக்கும் உடம்புக்கும் ஏத்தபடி கேட்டு கொடுங்க, வலிப்பு வந்த நாய்ன்னா அத முன்னாடியே சொல்லிடுங்க. மண்ணெண்ணெய் தடவாதீங்க, நகத்தால நசுக்காதீங்க, சின்ன இடுக்கி வச்சு தோலோட ஒட்டிப் புடிச்சு நேரா இழுங்க.

கடைசியா ஒரு உதவி கேக்குறேன். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரில நாய்க்கு ரத்த வங்கி இருக்கு, அவசரத்துக்கு அங்க இருந்து சேலத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள நேரம் போயிடும், அதனால இங்க பெரும்பாலும் இன்னொரு நாய கூட்டிட்டு வந்துதான் ரத்தம் எடுத்து ஏத்துறாங்க. உங்க நாய் 25 கிலோக்கு மேல, ஒரு வயசுல இருந்து எட்டு வயசுக்குள்ள, தடுப்பூசி எல்லாம் போட்டு, உண்ணிக் காய்ச்சல் வராம, யார் தொட்டாலும் அமைதியா நிக்கிற நாயா இருந்தா, ஒரு தடவைக்கு சுமார் 450 மில்லி அது கொடுக்கலாம், டெஸ்ட் பண்ணி பாத்துட்டுத்தான் எடுப்பாங்க. லேப்ரடார், ராஜபாளையம் வச்சிருக்கிறவங்க அடுத்த தடவை உங்க டாக்டர்கிட்ட போறப்ப எங்க நாய் பேரையும் எழுதி வச்சுக்கோங்க, ராத்திரி கூப்பிட்டாலும் வர்றோம்னு நம்பர கொடுத்துட்டு வாங்க.